கடல் கடந்த இல்லறம்

(அம்பத்தூரில் மகாவீரர் ஜெயந்தி விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



'ஐரோப்பாவில் அறம் பரப்புதல்' என்பது எனக்கு அளிக்கப்பட்ட தலைப்பு. மேடையும் ஒலிபெருக்கியும் ஆங்கிலப் புலமையும் வாய்த்த ஒருவரைப் பற்றி நான் பேசப்போவதாகச் சிலர் எதிர்பார்த்திருக்கலாம். நான் பேச விரும்புவது ஒரு கணவனையும் மனைவியையும் அவர்களுடைய சமையலறையையும் பற்றி. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

நம்மில் பெரும்பாலோர் வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரத்துச் சிற்றூர்களிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள். ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலையும், 1964-இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் அமைந்தபின் வேலை தேடி வந்த குடும்பங்கள் இங்கேயே வேரூன்றின. ஊரில் ஜிநாலயம் தெருக்கோடியில் இருந்தது. இங்கு வந்தபின் புழல் ஆதிநாதர் கோயிலுக்குப் பேருந்து மாறிச் செல்ல வேண்டியதாயிற்று. ஆகவே, ஊர் பெயர்ந்தும் நெறி பெயராமல் வாழ்வது எப்படி என்னும் கேள்வி நமக்குப் புதிதன்று. நம் பெற்றோர் அதை எழுபது கல் தொலைவில் சந்தித்தார்கள். நம் பிள்ளைகள் ஐயாயிரம் கல் தொலைவில் சந்திக்கிறார்கள்.

பிற சமயங்களில் அயல்நாடு சென்று போதிப்பவர் பெரும்பாலும் துறவியாகவோ குருவாகவோ இருப்பார். நம் நெறியில் அதற்கு இடம் குறைவு. முனிவர்கள் கால்நடையாகவே செல்வர்; வாகனம் ஏறார். எனவேதான் 1893-இல் சிகாகோ சர்வசமயப் பேரவைக்கு ஆசாரியர் ஆத்மாராம்ஜிக்கு அழைப்பு வந்தபோது, அவர் தமக்கு மாற்றாக இல்லறத்தாரான வீர்சந்த் ராகவ்ஜி காந்தியை அனுப்பினார். குஜராத்தின் மகுவா நகரில் 1864-இல் பிறந்தவர் அவர். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் சொற்பொழிவாற்றி, 1901-இல், முப்பத்தேழு வயது நிறைவதற்கு முன்பே மறைந்தார். லண்டனில் அவரிடம் பாடம் கேட்ட ஹெர்பர்ட் வாரன் என்னும் ஆங்கிலேயர் புலால் துறந்து நம் நெறியைத் தழுவினார்; அந்தப் பாடக் குறிப்புகளைக் கொண்டு அவர் எழுதிய ஆங்கில நூல் 1912-இல் நம் சென்னையிலேயே அச்சாயிற்று.

இவையெல்லாம் விழா மலர்களில் நாம் அடிக்கடி படிப்பவை. அவ்வளவாக எழுதப்படாத செய்தி ஒன்று உண்டு. 1896-இல் வீர்சந்த் இரண்டாம் முறை கடல் கடந்தபோது மனைவி ஜீவிபாயும் மகனும் உடன் சென்றார்கள். அந்நிய மண்ணில், நமக்கு ஏற்ற உணவு கடையில் கிடைக்காத காலத்தில், கணவர் மேடையில் அகிம்சையை விளக்கிக்கொண்டிருக்க, அந்த அம்மையாரின் பகற்பொழுது எவ்வாறு கழிந்திருக்கும்? சொற்பொழிவுகள் நூலாயின. அடுப்படி நூலாகவில்லை.

இன்னொரு வியப்பையும் இங்கே சொல்லிவிடுகிறேன். வீர்சந்த் சிகாகோவில் பேசிய அதே 1893-ஆம் ஆண்டில்தான், தமிழ்ச் சமண முனிவர்களின் வாக்கென்று நாம் போற்றும் நாலடியார், போப்பையரின் ஆங்கில மொழிபெயர்ப்போடு ஆக்ஸ்போர்டிலிருந்து வெளிவந்தது. கிறித்தவ மதம் பரப்பத் தமிழகம் வந்த ஒருவர், நம் முனிவர்களின் சொல்லை ஐரோப்பாவுக்குக் கொண்டு சேர்த்தார். அவருடைய துணைவியார் ஹென்றியெட்டாவின் பெயரையும் தமிழுலகம் ஏறக்குறைய மறந்துவிட்டது.

கடல் கடப்பதே குற்றம் என்று அன்று வீர்சந்தை எதிர்த்தவர்கள் இருந்தார்கள். இன்றும் நம் பெரியவர்கள் சிலர் திக்விரதத்தைக் காட்டி முகம் சுளிக்கிறார்கள். அருங்கலச்செப்பைப் படித்தவர்கள் அறிவார்கள்: இத்திசையில் இவ்வளவு தொலைவுக்கு மேல் செல்லேன் என்று இல்லறத்தான் தானே எல்லை வகுத்துக்கொண்டு, அதைக் கடவாதிருப்பதே அந்த விரதம். எல்லையை வகுப்பவன் அவன், கடல் அல்ல. இதற்கு மேல் இந்த வாதத்தில் எனக்கு ஈடுபாடு இல்லை.

இனி அந்தச் சமையலறைக்கு வருகிறேன். என் மகன் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் வாகன உதிரிபாக நிறுவனம் ஒன்றில் பணியாற்றி, பின்னர் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகருக்குச் சென்றவன். விசா அனுமதிக்கும் தொண்ணூறு நாட்களை, அக்டோபர் தொடங்கி டிசம்பர் முடிய, நானும் என் மனைவியும் அவர்கள் இல்லத்தில் கழித்தோம்.

முதல் சிக்கல் கதிரவன். சென்னையில் ஆண்டு முழுவதும் மாலை ஐந்தரைக்கும் ஆறே முக்காலுக்கும் இடையில் பொழுது சாய்கிறது. இரவு உண்ணாமை நமக்குப் பெரிய சோதனை அன்று. அங்கே டிசம்பரில் காலை எட்டே காலுக்குத்தான் வெளிச்சம். மாலை நாலரைக்குள் இருள். ஜூன் இறுதியிலோ இரவு ஒன்பதரை வரை பகல். என் மருமகள் குளிர்காலத்தில் நண்பகல் உணவை அலுவலகத்திலேயே உண்டு, மூன்றரை மணிக்கு இரண்டாவது டப்பாவைத் திறக்கிறாள். வீடு திரும்பியபின் வெந்நீர்கூட இல்லை. அங்குள்ள நண்பர் ஒருவர் எளிய வழி கண்டிருந்தார்: ஆண்டு முழுவதும் கடிகாரத்தில் மாலை ஆறு மணி. இந்திய நேரத்தைச் சுவரில் மாட்டிக்கொண்டு ஐரோப்பாவின் இருட்டில் உண்பதை நான் விரதம் என்று ஒப்பமாட்டேன். ஆனால் அதைக்கூடச் செய்யாதவர்கள் நடுவில் அவர் செய்கிறார் என்பதையும் மறுக்கமாட்டேன்.

அடுத்தது அங்காடி. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே கடைகள் மூடியிருக்கும்; ஆகவே சனிக்கிழமை முழுவதும் கொள்முதல். என் மகன் பொட்டலங்களின் பின்புறத்தைப் படிப்பதைப் பார்த்தால் பரீட்சைக்குப் படிப்பவன்போல் தோன்றும். பாலாடைக்கட்டி பலவற்றில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருள் சேர்கிறது. நம் முறுக்குபோல் பின்னிச் சுடும் பிரெட்செல் என்னும் உப்பு ரொட்டியில், சில கடைகளில் பன்றிக் கொழுப்பு கலப்பதுண்டு. சிவப்பு நிற இனிப்புகளில் பூச்சியை அரைத்தெடுத்த சாயம் இருக்கலாம். காலை உணவுக்கு விற்கும் தானியக் கலவையைச் 'சைவம்' என்று நம்பி எடுத்தால், தேனும் உலர்ந்த அத்திப்பழமும் உள்ளே இருக்கும். மதுவும் புலாலும் தேனும் ஐவகைப் பழங்களும் நீக்குதலே எட்டு மூலகுணம் என்று சிறுவயதில் பாடமாக ஒப்பித்தவன் அவன். அந்தப் பாடத்துக்குப் பொருள் உண்டென்பதை அயல்நாட்டு அங்காடியில்தான் உணர்ந்ததாக என்னிடம் சொன்னான்.

பேத்திக்கு நான்கு வயது. மழலையர் பள்ளியில் பிறந்தநாள் வந்தால் கரடி வடிவ மிட்டாய் பங்கிடுவார்கள். அதில் சேரும் ஜெலட்டின் பெரும்பாலும் பன்றித் தோலிலிருந்து வருவது. எல்லாக் குழந்தைகளும் உண்ணும்போது இவள் மட்டும் கையை மூடிக்கொள்ள வேண்டும். இதைவிடக் கடுமையான தவம் எனக்குத் தெரியவில்லை. அதை ஒரு குழந்தையின்மேல் சுமத்தலாமா என்று எனக்கே தயக்கம் உண்டாயிற்று. மருமகள் ஒரு வழி செய்திருந்தாள். பழத்திலிருந்து எடுக்கும் பெக்டின் சேர்த்த மிட்டாய்கள் அங்கே கிடைக்கின்றன. அவற்றில் ஒரு பொட்டலத்தை ஆசிரியையிடம் முன்கூட்டியே கொடுத்து வைத்திருந்தாள். அந்த வகுப்பில் புலால் உண்ணாத குடும்பத்துக் குழந்தைகள் வேறு சிலரும் இருந்ததால், நாளடைவில் ஆசிரியையே எல்லோருக்கும் அதையே வாங்கத் தொடங்கினார். எந்தச் சொற்பொழிவும் நிகழவில்லை.

ஒரு நாள் அடுத்த வீட்டு அம்மையார், பணி ஓய்வு பெற்றவர், தேநீருக்கு வந்தார். மாலை ஐந்து மணி, வெளியே கும்மிருட்டு. அவர் அருந்த, மருமகள் அருந்தாமல் உடன் அமர்ந்திருந்தாள். காரணம் கேட்டார். விளக்கொளிக்கு வரும் சிற்றுயிர்கள் உணவில் விழுந்து மடியும் என்றாள். அவர் சிரித்துக்கொண்டே, "இந்தக் குளிரில் இங்கே ஒரு பூச்சியும் இல்லையே, பிறகு ஏன்?" என்றார். நான் திகைத்தேன். நாற்பது ஆண்டுகள் பாடம் நடத்திய எனக்கு விடை எழவில்லை. அவள் அமைதியாகச் சொன்னாள்: "பூச்சிக்காகத் தொடங்கியது. இப்போது, நாள் முடிந்தது, போதும் என்று வயிற்றுக்குச் சொல்ல ஒரு நேரம் கிடைத்திருக்கிறது. அதை விட மனமில்லை." அந்த அம்மையார் நம் நெறிக்கு மாறிவிட்டார் என்று கதை முடிப்பேனென எண்ண வேண்டாம். மாறவில்லை. ஆனால் அதற்குப் பின் அவர் எங்களை அழைத்ததெல்லாம் பிற்பகல் இரண்டு மணிக்குத்தான்.

பிறகு ஒருமுறை அவளிடம், "நீ செய்வதுதானம்மா தர்மப் பிரசாரம்" என்றேன். "மாமா, நாங்கள் யாருக்கும் உபதேசம் செய்வதில்லை. கேட்டால் சொல்கிறோம், அவ்வளவே" என்றாள்.

ஐரோப்பாவில் நம் நெறி நிலைபெற்ற வரலாறும் இப்படித்தான். 1972-இல் உகாண்டாவிலிருந்து விரட்டப்பட்ட குஜராத்திக் குடும்பங்கள் இங்கிலாந்தின் லெஸ்டர் முதலிய நகரங்களில் குடியேறின. முன்பு கிறித்தவ தேவாலயமாக இருந்த கட்டடத்தில் லெஸ்டர் ஜைனக் கோயில் 1988-இல் பிரதிஷ்டை கண்டது. சுவேதாம்பரரும் திகம்பரரும் ஒரே கூரையின்கீழ் வழிபடுகிறார்கள். பெல்ஜியத்தில் வைர வணிகர்கள் எழுப்பிய ஆன்ட்வெர்ப் கோயில் 2010-இல் பிரதிஷ்டை பெற்றது. கோயில்கள் பின்னர் வந்தன. அதற்கு முந்திய ஆண்டுகளில் நெறியைக் காத்தவை வீடுகளே. நமக்கும் இது தெரிந்ததுதான். 1887-இல் சீவக சிந்தாமணி அச்சேறுவதற்கு முன், அதைப் பொருள் உணர்ந்து படித்துக்கொண்டிருந்த இடத்தை உ.வே.சாமிநாதையர் தேடிக் கண்டது கும்பகோணத்தில் ஒரு சமணர் வீட்டில்.

நிறைவாக, பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். வரன் பார்க்கும்போது, பெண்ணுக்குச் சமையல் தெரியுமா, சாமாயிகம் தெரியுமா என்று விசாரிக்கிறோம். பையனை யாரும் கேட்பதில்லை. என் மகனுக்கு ரசம் வைக்கத் தெரிந்தது ஜெர்மனி சென்ற இரண்டாம் ஆண்டில். அதற்கு முந்திய ஓராண்டு அவன் எதை உண்டான் என்று நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. திருமணத்துக்குப் பின் இருவரும் அடுப்பைப் பகிர்ந்துகொண்டதால்தான் அந்த வீட்டில் விரதம் நிற்கிறது. மருமகள் ஒருத்தியின் தோளில் மட்டும் ஏற்றியிருந்தால் ஒரு குளிர்காலம்கூடத் தாங்கியிராது. அவளும் அலுவலகம் செல்பவள்தானே.

ஆகவே இந்த அறக்கட்டளை, வெளிநாடு செல்லவிருக்கும் இளைஞர்களுக்குச் சமையல் வகுப்பு நடத்த வேண்டும் என்று முன்மொழிகிறேன். இடமில்லை என்பீர்களானால், சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டு அடுப்பு ஒழிவாகவே இருக்கிறது. என் மனைவி இசைந்திருக்கிறார். விசாவுக்கு விண்ணப்பித்த பிள்ளைகள் மாலை நான்கு மணிக்கு வரலாம். சமைத்து, பொழுது சாயுமுன் உண்டு, பாத்திரங்களையும் அவர்களே கழுவி வைத்துவிட்டுப் புறப்படலாம்.