நடவுத் தேதியை நீங்கள் குறியுங்கள்



பட்டம் பெறும் மாணவ மாணவியரே, உங்களில் பலர் கும்மிடிப்பூண்டி, தேர்வாய்கண்டிகை சிப்காட் தொழிற்பேட்டைகளில் வேலைக்குச் சேரப் போகிறீர்கள். மகிழ்ச்சியோடு போய் வாருங்கள். ஆனால், காலை ஷிப்டுக்கு நீங்கள் பஸ் ஏறும் நேரத்தில் வயலில் இறங்குவது யார்? அறுபதைத் தாண்டிய அப்பாவும் அம்மாவும்தான்.

தமிழகத்தில் 2001-இல் சுமார் 51 லட்சம் பேர் சாகுபடியாளர்களாக இருந்தார்கள். 2011 கணக்கெடுப்பில் அது 42 லட்சமானது. அதே கணக்கெடுப்பில் அறுபதும் அதற்கு மேலும் வயதானவர்கள் நாடு முழுவதும் 8.6 சதவீதம் என்றால், இங்கே 10.4 சதவீதமாக இருந்தார்கள். ஜப்பானிலோ உழவர்களின் சராசரி வயது எழுபதை நெருங்கிவிட்டது.

பெரியவர்களுக்கு விவசாயம் நன்றாகவே தெரியும். ஆனால், அந்தந்த வேலை அந்தந்த நாளில் நடக்காததால்தான் விளைச்சல் விழுகிறது. ஆள் கிடைக்காமல் நடவு தள்ளிப்போனால் நாற்று முற்றிவிடும். முற்றிய நாற்று சரியாகத் தூர் கட்டாது. 16 லிட்டர் தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு சேற்றில் நடக்க, தேய்ந்த முழங்கால் இடம் கொடுக்காது. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று போகம் விளைந்த நிலம் ஒரு போகத்தோடு நிற்கும், பிறகு தரிசாகும். தரிசைத் தேடி மனைத் தரகர் வருவார்.

விட்டுவிடக்கூடிய மண் அல்ல நம்முடையது. நம் திரூர் நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த டி.கே.எம். 6 ரகத்தை வைத்துத்தான் ஊரறிந்த ஐ.ஆர். 20 நெல்லை உருவாக்கினார்கள்.

வேலையை விட்டு ஏர் பிடிக்கச் சொல்லவில்லை. மூன்று காரியங்களைக் கையில் எடுங்கள். வேளாண் பொறியியல் துறையின் வாடகை இயந்திரங்களுக்கு அரசின் உழவன் செயலியில் நீங்களே முன்பதிவு செய்யுங்கள். மறைந்த தாத்தா பெயரிலேயே பட்டா இருந்தால் பயிர்க்கடனுக்கும் மானியத்துக்கும் அலைய வேண்டியிருக்கும். அதை மாற்றுங்கள், நாற்று நட்டுக் களையெடுத்த அம்மாவின் பெயரையும் அதில் சேர்த்துவிடுங்கள். எந்த மடையில் எப்போது நீர் கட்டுவது, எந்த மழைக்கு எந்த விதை என்று பெரியவர்கள் சொல்வதைக் குறித்து வையுங்கள்.

சம்பளத்தில் ஒரு சிறு பங்கும் விடுமுறையில் சில நாட்களும் நிலத்துக்குப் போனால், அந்த முதியவர்களின் அனுபவம் இன்னும் பல போகம் விளையும். இந்த வாரமே வீட்டில் உட்கார்ந்து அடுத்த நடவுத் தேதியைப் பேசி முடியுங்கள்.