உடைமையும் உரிமமும்



கடையில் விலை கொடுத்து வாங்கிய நூல் நமக்கு உடைமையாகிறது. அதனைத் தோழனுக்கு இரவல் தரலாம்; பழைய புத்தகக் கடையில் விற்கலாம்; நம் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லலாம். விற்ற கடை மூடப்பட்டாலும் நம் அலமாரியில் உள்ள நூல் மறைந்துவிடுவதில்லை. கணினி விளையாட்டுகளின் உலகில் இந்நிலை பெரிதும் மாறிவிட்டது. அம்மாற்றத்தின் நன்மை தீமைகளை 'ஸ்டீம்' என்னும் இணைய அங்காடியைக் கொண்டு ஆராய்வதே இன்றைய பேச்சின் நோக்கம்.

அமெரிக்க நாட்டின் வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்தது வால்வ் என்னும் நிறுவனம். மைக்ரோசாப்ட் நிறுவனத்தில் பணியாற்றிய கேப் நியூவெல், மைக் ஹாரிங்டன் ஆகிய இருவர் 1996-இல் அதனைத் தோற்றுவித்தனர். 1998-இல் வெளிவந்த அவர்களது 'ஹாஃப் லைஃப்' என்னும் விளையாட்டு பெரும்புகழ் பெற்றது. ஆயின் விளையாட்டில் திருத்தம் செய்யும்போதெல்லாம் அதனை ஆடுவோர் அனைவரிடமும் கொண்டு சேர்ப்பது அரிதாக இருந்தது. அத்தொல்லையை நீக்கும் பொருட்டு 2003 செப்டம்பரில் ஸ்டீம் தொடங்கப்பெற்றது. 2004-இல் வந்த 'ஹாஃப் லைஃப் 2' விளையாட்டைக் குறுந்தகட்டில் வாங்கியவர்களும் ஸ்டீமில் பதிவு செய்துகொண்ட பின்னரே ஆட முடிந்தது. 2005 முதல் பிற நிறுவனங்களின் விளையாட்டுகளும் அங்கே விற்பனைக்கு வந்தன.

முதற்கண் நன்மைகளைக் காண்போம். குறுந்தகடு கீறல் விழுந்தால் பயனற்றுப் போகும். தொலைந்தால் பணமும் தொலைந்தது. ஸ்டீமில் வாங்கிய விளையாட்டையோ புதிய கணினிக்கு மாறிய பின்னும் மீண்டும் இறக்கிக்கொள்ளலாம். திருத்தங்கள் தாமாகவே வந்து சேரும். பெருந்தள்ளுபடி விற்பனைகள் அவ்வப்போது நடைபெறுவதால் எளிய வருவாய் உடையோரும் வாங்க இயலுகிறது. வாங்கிய 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்திற்கும் குறைவாக ஆடியிருந்தால், பணத்தைத் திரும்பப் பெறும் வசதியும் 2015 முதல் உண்டு.

இரண்டாவது நன்மை படைப்போருக்கு உரியது. முன்னாளில் பெரிய வெளியீட்டாளரின் தயவும் கடைக்காரரின் இடமும் இன்றிச் சிறு படைப்பாளியின் ஆக்கம் வெளியுலகைக் காண்பது அரிது. 2017 முதல் ஒரு விளையாட்டுக்கு 100 டாலர் கட்டணம் செலுத்தி எவரும் தம் படைப்பை ஸ்டீமில் வைக்கலாம். எரிக் பரோன் என்னும் தனி ஒருவர் ஆண்டுக்கணக்கில் உழைத்து உருவாக்கிய 'ஸ்டார்டியூ வேலி' 2016-இல் ஸ்டீமில் வெளிவந்து உலகெங்கும் பரவியது.

இனித் தீமைகளைக் காண்போம். வாயில் அகலத் திறந்தமையால் நல்லதும் அல்லதும் ஒருங்கே நுழைந்தன. எண்ணற்ற விளையாட்டுகளின் நடுவே நல்ல ஆக்கம் கவனிப்பாரற்றுக் கிடப்பதும் உண்டு. மேலும், விற்பனை வருவாயில் பொதுவாக 100-க்கு 30 பங்கை ஸ்டீம் எடுத்துக்கொள்கிறது. 2018-இல் மிகுதியாக விற்கும் விளையாட்டுகளுக்கு இப்பங்கு 25 ஆகவும் 20 ஆகவும் குறைக்கப்பட்டது. இச்சலுகை பெரியோருக்கே பயன்பட்டது. சிறியோர் முழுப் பங்கையும் செலுத்தினர். அதே ஆண்டில் போட்டியாகத் தோன்றிய எபிக் அங்காடி 12 பங்கே போதும் என்று அறிவித்தது நினைக்கத்தக்கது.

யாவற்றினும் பெரிய குறை வேறொன்று. ஸ்டீமில் நாம் பெறுவது உடைமையன்று, பயன்படுத்தும் உரிமமே. அதன் ஒப்பந்தம் இதனைத் தெளிவாகக் கூறுகிறது. வாங்கிய விளையாட்டை விற்க இயலாது. கணக்கைப் பிறர் பெயருக்கு மாற்றவும் இயலாது. மறுவிற்பனையைத் தடுப்பது செல்லாது என்று பாரிஸ் நீதிமன்றம் ஒன்று 2019-இல் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022-இல் அதனை மாற்றிவிட்டது.

நிறுவனத்தின் பக்கமும் நியாயம் உண்டு. நூலைப் போலன்றி, கணினிப் படைப்பை நொடிப்பொழுதில் ஆயிரம் படியாக்கலாம். திருட்டுப் படிகள் பெருகினால் படைத்தவன் பட்டினி கிடக்க நேரும். ஆதலின் கட்டுப்பாடு ஓரளவு வேண்டியதே. எனினும் அதன் விளைவையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். யூபிசாஃப்ட் நிறுவனம் 2014-இல் வெளியிட்ட 'தி குரூ' என்னும் விளையாட்டு அந்நிறுவனத்தின் கணினிகளோடு தொடர்பு இருந்தால்தான் இயங்கும். 2024-இல் அத்தொடர்பு நிறுத்தப்பட்டது. முழு விலை கொடுத்தோரும் ஆட இயலாது போயினர். இது ஸ்டீமின் செயலன்று. ஆயினும் உரிமம் வேறு, உடைமை வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இதற்கு மாற்று வழியே இல்லையா எனின், உண்டு. போலந்து நாட்டில் 2008-இல் தொடங்கிய ஜி.ஓ.ஜி. அங்காடி, பூட்டில்லாத படிகளை விற்கிறது. இறக்கிச் சேமித்த படி இணையத் தொடர்பின்றியும் இயங்கும். கலிபோர்னியா மாநிலம் 2024-இல் ஒரு சட்டம் இயற்றியது. உரிமத்தை மட்டும் தருவோர் அதனைத் தெளிவாக அறிவிக்காமல் 'வாங்குக' என்ற சொல்லைப் பயன்படுத்தலாகாது என்பது அதன் சாரம். 2025 சனவரி முதல் அது நடைமுறையில் உள்ளது. ஸ்டீமும் 2024 அக்டோபரிலேயே அத்தகைய அறிவிப்பைப் பணம் செலுத்தும் இடத்தில் வைத்துவிட்டது.

மாணவர்களே, நூலகத்தில் உறுப்பினராகச் சேர்கிறோம். அங்குள்ள நூல்களை நம்முடையவை என்று நாம் சொல்வதில்லை. நூலின் முழு விலையைக் கொடுப்பதும் இல்லை. ஸ்டீம் வசதி மிக்கது. சிறு படைப்பாளிக்கு வாழ்வளித்தது. அதனை வெறுத்து ஒதுக்க வேண்டுவதில்லை. ஆயின் பணம் செலுத்துமுன் மூன்று வினாக்களை எழுப்புங்கள்: இதனை ஆட எனக்கு நேரம் உண்டா? இது இணையத் தொடர்பின்றி இயங்குமா? நாளை இது என் கையை விட்டுப் போனாலும் இவ்விலை தகுமா? மூன்றுக்கும் ஆம் என்று விடை வருமாயின் மகிழ்வோடு பெறுங்கள். அவ்வாறு வராவிடின், தள்ளுபடி எவ்வளவு பெரிதாயினும் அது நமக்கு இழப்பே.