மூன்றாவதாக நிற்பவர் யார்?

பழைய படம் ஓடுகிறது என்றால் சாப்பாட்டையும் மறந்துவிட்டு உட்காரும் என் தோழர்களே!

இந்தப் பேச்சைச் சேலத்தில் பேசக் கிடைத்ததில் எனக்குத் தனி மகிழ்ச்சி. ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு இன்றும் நிற்கிறது. டி.ஆர். சுந்தரம் எழுப்பிய அந்த ஸ்டுடியோவிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் வெளிவந்தன. மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’ 1938இல் இந்த நிறுவனம் எடுத்ததுதான். 1940இல் ‘உத்தமபுத்திரன்’: பி.யு. சின்னப்பா இரட்டை வேடம். 1950இல் ‘மந்திரி குமாரி’. 1956இல் தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம், ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’. இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியது இல்லை. இங்கே முன்வரிசையில் இருக்கிற பெரியவர்களை எழுப்பிவிட்டால் ஆண்டு, மாதம், எந்தக் கொட்டகையில் ஓடியது என்பது வரைக்கும் சொல்வார்கள்.

நான் பேச வந்தது அந்தப் படங்களின் நாயகர்களைப் பற்றி அல்ல. நாயகனுக்குப் பின்னால், இடமிருந்து மூன்றாவதாக ஈட்டியோடு நிற்கிறாரே, அவரைப் பற்றி.

இந்த மன்றத்தில் நாம் கூடும்போதெல்லாம் ஒரு காட்சியை நிறுத்திவைத்து, “இது யாரு?” என்று கேட்கிறோம். ஒருவர் ஒரு பெயர் சொல்கிறார், இன்னொருவர் இல்லை என்கிறார், காபி ஆறிப்போகிறது. வேலையற்றவர்களின் பொழுதுபோக்கு என்று வெளியே சிலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. தமிழ் சினிமாவின் வரலாற்றில் யாரும் எழுதாமல் விட்ட பக்கங்களை இந்தக் கூட்டம்தான் எழுதிக்கொண்டிருக்கிறது.

ஏன் என்று கேளுங்கள். அந்தக் காலப் படங்களில் எழுத்து ஓடும்போது பெயர்கள் வரும்; யார் எந்த வேடம் என்பது பல படங்களில் வராது. சிறு வேடக்காரர்களின் பெயர் வருவதே அபூர்வம். அந்த எழுத்தும் இன்று நமக்கு முழுசாகக் கிடைப்பதில்லை. ஊர் ஊராக டென்ட் கொட்டகைகளில் ஓடிய பிரதிகளில் முதல் ரீலும் கடைசி ரீலும்தான் அதிகம் அடிபடும். பெயர்கள் இருந்தது அந்த முதல் ரீலில். ஆக, முகம் பிழைத்தது, பெயர் போய்விட்டது.

முகமும் பிழைக்காத படங்கள் எத்தனை! 1931இல் வந்த ‘காளிதாஸ்’, தமிழ் பேசிய முதல் படம், டி.பி. ராஜலட்சுமி நடித்தது. இன்று அதன் பிரதி இல்லை. இதே சேலம் நிறுவனத்தின் ‘பாலன்’ படத்துக்கும் அதே கதி. அன்றைய நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பற்றும், தானாகவே சிதையும். ஓடி முடித்த பிரதிகளை வெள்ளி பிரிப்பதற்காக எடைக்குப் போட்டார்கள். புனேயில் 1964இல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கும் முன்பே பெரும்பகுதி போய்விட்டிருந்தது. அங்கே சேர்த்து வைத்ததிலும் பல 2003 ஜனவரி தீயில் எரிந்தன. அப்படி ஒரு சூழலில் பிழைத்து நிற்கிற ஒவ்வொரு சட்டகமும் நமக்குக் கிடைத்த சொத்து. அதில் இருக்கிற மனிதர் யார் என்று கேட்பது சின்னக் காரியமா?

1936ஆம் ஆண்டு ‘சதி லீலாவதி’யை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய படம். கதாநாயகன் எம்.கே. ராதா. அதில் போலீஸ் இன்ஸ்பெக்டராக ஓர் இளைஞர் கொஞ்ச நேரம் வந்துபோவார். அவரை இன்று தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும், எம்.ஜி.ஆர். அவர் அந்த ஒரு படத்தோடு ஊர் திரும்பியிருந்தால்? அதே முகம், அதே நடிப்பு, அதே உழைப்பு. ஆனால் பெயர் சொல்ல ஆள் இருந்திருக்காது. அந்தப் படத்தில் அவரைப் போலவே சிறு வேடம் ஏற்று, பிறகு வாய்ப்பே கிடைக்காமல் போனவர்கள் இருப்பார்களே. அவர்களுக்கு நாம் என்ன செய்திருக்கிறோம்?

இன்னொன்றும் சொல்கிறேன். அந்தத் தொடக்ககாலப் படங்களில் எம்.ஜி.ஆரின் பெயர் எழுத்தில் எம்.ஜி. ராம்சந்தர் என்று வரும். டி.ஆர். ராமச்சந்திரன் என்று வேறொரு நடிகர் இருந்தார். 1941இல் ‘சபாபதி’யில் எசமான் சபாபதியாக வந்து, வேலைக்காரச் சபாபதியான காளி என். ரத்தினத்தோடு சேர்ந்து நாட்டையே சிரிக்கவைத்தாரே, அவர். எம்.கே. ராதா ஒருவர், ‘ரத்தக்கண்ணீர்’ எம்.ஆர். ராதா இன்னொருவர். முன்னெழுத்து ஒன்று மாறினால் ஆளே மாறிவிடுகிற துறை இது. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் தேவைப்படுகிறார்கள்.

விவரம் தெரிந்தவர்களின் கண் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். 1934இல் வந்த ‘சீதா கல்யாணம்’. ராவணன் சபையில் ஒரு சிறுவன் கஞ்சிரா வாசிக்கிறான். பார்த்தவர்கள் ஏதோ ஒரு பிள்ளை என்று விட்டிருப்பார்கள். அந்தப் பிள்ளைதான் பின்னாளில் வீணை எஸ். பாலசந்தர்! 1954இல் ஒரு பாட்டுகூட இல்லாமல் ‘அந்த நாள்’ எடுத்த அதே பாலசந்தர். ‘சீதா கல்யாணம்’ படத்தில் ராமனாக வருபவர் அவருடைய அண்ணன் எஸ். ராஜம், இசையிலும் ஓவியத்திலும் மேதை. இந்த ஒரு செய்தி தெரிந்த பிறகு அந்தக் காட்சியை நினைத்துப் பாருங்கள். அதே காட்சிதான், ஆனால் நீங்கள் நிமிர்ந்து உட்காருவீர்கள்.

நம் ‘அலிபாபா’வில் ஒரு பாட்டுக்கு ஆடிவிட்டுப் போகிற பெண், பிறகு இந்தித் திரையை ஆண்ட வஹீதா ரஹ்மான். ‘திருவிளையாடல்’ படத்தில் நாகேஷின் தருமியை எதிர்த்து நிற்கிற நக்கீரர், படத்தை இயக்கிய ஏ.பி. நாகராஜனேதான். 1947இல் ‘நாம் இருவர்’ படத்தில் முதியவராக வரும் வி.கே. ராமசாமிக்கு அப்போது இருபது வயதைத் தாண்டி ஓரிரு ஆண்டுதான் ஆகியிருக்கும். நரையைப் பார்த்து ஆளைத் தேடினால் கிடைக்கமாட்டார். பேசுகிற தோரணையைக் கேட்க வேண்டும்.

பெண் கலைஞர்களைப் பற்றிப் பேசாமல் நான் இறங்க முடியாது. 1948இல் எஸ்.எஸ். வாசனின் ‘சந்திரலேகா’. அந்த முரசு நடனத்தைப் பார்த்தால் இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கிறது. டி.ஆர். ராஜகுமாரியின் பெயர் நமக்குத் தெரியும். அந்த முரசுகள் மேல் ஏறி நின்று, கால் தவறினால் கீழே விழுகிற உயரத்தில், ஒரே தாளத்தில் ஆடினார்களே அத்தனை பெண்கள், அவர்களில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்? திருமணம் ஆனதும் துறையை விட்டவர்கள் உண்டு. சினிமாவில் ஆடியதைப் பிள்ளைகளிடம்கூடச் சொல்லாமல் மறைத்தவர்கள் உண்டு; அன்றைய ஊர் அவர்களை அப்படிப் பேசியது. அந்தப் பேச்சுக்குப் பயந்து ஒளிந்த கலை எவ்வளவு! ஒரு பேத்தி வந்து, “இது எங்க ஆயா” என்று சொன்னால், அதற்கு இந்த மன்றம் எழுந்து நின்று மரியாதை செய்ய வேண்டும். அதே நேரம், குடும்பத்தார் வேண்டாம் என்று சொன்னால் அந்தப் பெயரை நாம் வெளியிடக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

இப்போது உரிமையோடு ஒரு கண்டிப்பும் சொல்ல வேண்டும். நம்மிடம் ஒரு பழக்கம் இருக்கிறது: சத்தமாகச் சொல்பவர் சொன்னதே முடிவு. மூன்று பேர் தலையாட்டினால் ஊகம் உண்மையாகிவிடுகிறது. ஒருவருடைய முகத்துக்கு இன்னொருவர் பெயரைச் சூட்டுவது, பெயரில்லாமல் விடுவதைவிடப் பெரிய அநியாயம். பிறகு அதைத் திருத்த யாராலும் முடியாது. ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் அவர்களை நினைத்துப் பாருங்கள். ஒரு தனிமனிதர், புகைப்படங்களையும் பட விவரங்களையும் வாழ்நாள் முழுவதும் சேர்த்தார். அவருடைய தொகுப்பை அரசே பெற்றுக்கொண்டது. 2004இல் ‘சாதனைகள் படைத்த தமிழ்த் திரைப்பட வரலாறு’ என்ற அந்தப் பெரிய நூல் வந்தது. 2016இல் அவர் மறைந்தார். அவருக்குப் பிறகு அந்தப் பொறுப்பு ஒரே ஆள் தோளில் இல்லை; நம் எல்லோர் தோளிலும் இருக்கிறது.

ஆகவே இந்த மன்றத்துக்கு என் வேண்டுகோள் இது. வீட்டுப் பரணில் பாட்டுப் புத்தகம் இருக்கிறதா, எடுத்து வாருங்கள். கொட்டகை வாசலில் அரையணாவுக்கும் ஓரணாவுக்கும் விற்ற அந்தப் புத்தகங்களில்தான் நடிகர் பட்டியல் வேடத்தோடு அச்சாகியிருக்கும். கரையான் தின்பதற்கு முன் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துவிடுவோம். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்கள் இத்தகைய அச்சுப் பொருள்களைப் பாதுகாக்கின்றன. கையில் வைத்துக்கொள்ள முடியாதவர்கள் அங்கே கொடுத்துவிடலாம். ஸ்டுடியோவில் மேக்கப், தையல், தச்சு, லைட் என்று வேலை பார்த்தவர்களின் குடும்பங்கள் இந்த ஊரில் இருக்கின்றன. அவர்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் படத்தின் பின்பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பெயர் எழுதியிருக்கலாம்.

வாசல் மேசையில் ஒரு பேரேடு வைத்திருக்கிறோம். படத்தின் பெயர், காட்சி, நடிகர் பெயர், சொல்பவர் யார், எப்படித் தெரியும் என்று ஐந்து கட்டம். கடைசிக் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். நேரில் பார்த்ததா, புத்தகத்தில் படித்ததா, முகச்சாயலை வைத்துச் சொல்கிறோமா என்பதை எழுதுங்கள். ஊகம் என்றால் ஊகம் என்றே எழுதுங்கள். அதற்கும் மதிப்பு உண்டு. அடுத்து ‘மந்திரி குமாரி’ அரசவைக் காட்சியைப் போடப்போகிறார்கள். எஸ்.ஏ. நடராஜனையும் எம்.ஜி.ஆரையும் எல்லோரும் கண்டுகொள்வீர்கள். தயவுசெய்து அவர்களுக்குப் பின்னால் நிற்பவர்களைப் பாருங்கள்.