நிச்சயதார்த்தத்துக்கு 'ஆண்டிக்' கல் மோதிரமா?

(கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கல்யாண மாதம் வந்தால் நம் குழுக்களில் நகைக்காக உள்கடன் கேட்டு வருவது வழக்கம்தான். இப்போது ஒரு புது ஆசையும் சேர்ந்திருக்கிறது. நிச்சயத்துக்கு மோதிரம் மாற்றணும், அது 'ஆண்டிக்' கல் மோதிரமா இருக்கணும், தி.நகர் போய்த்தான் எடுக்கணும் என்கிறார்கள் பிள்ளைகள். ஆசைப்படட்டும், தப்பில்லை. கடனை அடைக்கப் போவது நாம் என்பதால் நாலு விஷயம் தெரிஞ்சுக்கிட்டுப் போவோம்.

பனகல் பார்க்கைச் சுற்றியும் உஸ்மான் சாலையிலும் 'ஆண்டிக்' என்று காட்டுவதில் பெரும்பாலானவை புதுசாகச் செய்தவை. பழசு மாதிரி தெரிய மங்கலாகப் பாலிஷ் போடுகிறார்கள், அவ்வளவுதான். ஆனால் செய்கூலியும் சேதாரமும் சாதா மோதிரத்தைவிட அதிகம் போடுவார்கள். மயிலாப்பூர் மாட வீதிகளில் விற்கும் சிவப்புக்கல் செட்டுகள் பரதநாட்டியத்துக்கு வாங்குவது. பலவும் முலாம் பூசியவை. இரண்டையும் போட்டுக் குழப்பிக்க வேண்டாம்.

உண்மையிலேயே பழைய மோதிரம் என்றால்? அந்தக் காலத்து வேலையில் கல்லுக்கு அடியில் அரக்கு நிரப்பி, பளபளப்பான தகடு வைத்து, பின்பக்கத்தை மூடிவிடுவார்கள். ஜொலிப்பது கல்லா, தகடா என்று கண்ணால் சொல்ல முடியாது. "பாட்டி காலத்துக் கெம்பு, அசலாத்தான் இருக்கும்" என்பதையும் நம்ப முடியாது. பிரான்சில் வெர்னாய் என்பவர் செயற்கைக் கெம்பு செய்யும் முறையை 1902-லேயே அறிவித்துவிட்டார். நூறு வருஷத்து மோதிரத்திலும் செயற்கைக் கல் இருக்கலாம். அசல் கல்லுக்கான விலை கேட்டால், பரிசோதனைச் சான்று கேளுங்கள்.

இனி எடை. மோதிரம் 5 கிராம், அதில் கல்லும் அரக்கும் 1 கிராம் என்று வையுங்கள். தங்கம் 4 கிராம்தான். 5 கிராமுக்கும் தங்க விலை போட்டால், அரக்கைத் தங்க விலைக்கு வாங்கிட்டு வர்றோம்! நாளைக்கு அவசரத்துக்கு அடகு வைத்தால் வங்கி அந்த 4 கிராமைத்தான் கணக்கில் எடுக்கும். கல்லுக்கு ஒரு பைசா கிடையாது. அதனால் பில்லில் மொத்த எடை, கல் எடை, நிகர எடை, கல்லின் விலை எல்லாம் தனித்தனியாக இருக்கணும்.

ஹால்மார்க்கில் பி.ஐ.எஸ். முத்திரை, 22 காரட் என்றால் 916, ஆறு எழுத்து எண் கொண்ட எச்.யு.ஐ.டி. மூன்றும் இருக்கும். 2023 ஏப்ரல் 1 முதல் இந்த எண் கட்டாயம். 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் போட்டுப் பார்க்கலாம். போன் இருக்கும் பிள்ளையிடம் சொன்னால் ஒரு நிமிஷ வேலை. ஆனால் குந்தன், போல்கி, ஜடாவ் கல்வேலை நகைகளுக்கும் 2 கிராமுக்குக் குறைந்தவற்றுக்கும் இது கட்டாயமில்லை. நாம் பேசுகிற மோதிரம் அந்த வகையில் வந்துவிடலாம். அப்போது தங்கத்தின் தரத்தைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஏமாந்தால் நுகர்வோர் உதவி எண் 1915. பி.ஐ.எஸ். அலுவலகம் அடையாறு பக்கத்தில் தரமணியில் இருக்கிறது.

சில வீடுகளில் பாட்டியின் டப்பாவிலேயே பழைய கல் மோதிரம் கிடக்கும். அதைக் கொடுத்துப் புதுசு மாற்றும்போது கல்லுக்கு விலை போட மாட்டார்கள். கல்லையாவது கழற்றித் திருப்பி வாங்குங்கள். அதைவிட, அந்த மோதிரத்தையே பெண்ணின் விரலுக்கு அளவு சரிசெய்யச் சொன்னால் கூலியோடு போச்சு.

மோதிரத்துக்குக் கடன் கேட்கும் அக்காமார் கடைக்காரர் எழுதித் தரும் எஸ்டிமேட்டைக் கூட்டத்துக்குக் கொண்டு வாங்க. கல் எடை தனியாக இருக்கிறதா என்று எல்லாரும் பார்த்துவிட்டுத் தீர்மானம் எழுதலாம்.