ஏரி நீரின் சாட்சிகள்

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய ஊர்களைச் சுற்றிலும் ஏரிகள் பல உள்ளன. செம்பரம்பாக்கம் ஏரி சென்னைக்குக் குடிநீர் அளிக்கிறது. அம்பத்தூர், கொரட்டூர் ஏரிகளோ கழிவுநீர் கலந்து இடர்ப்பட்டவை. ஏரி நீரின் நலத்தை எங்ஙனம் அறிவது? இரசாயனச் சோதனை, நீரை எடுத்த வேளையின் நிலையைக் கூறும். அந்நீரில் வாழும் உயிர்களோ, கடந்த பல நாட்களின் கதையைக் கூறும்.

அத்தகைய சாட்சிகளுள் சிறந்தவை குறு இழை உயிர்கள். உடல் முழுதும் ஒரே செல். அதன்மேல் மெல்லிய இழைகள். உள்ளே இருவகை உட்கருக்கள். பெரியது அன்றாட வாழ்வை நடத்த, சிறியது மரபைக் காக்கிறது. 1674-ஆம் ஆண்டில் லீவன்ஹூக் என்னும் டச்சுக்காரர் நுண்ணுயிர்களைக் கண்டு வியந்ததும் ஓர் ஏரி நீரில்தான்.

நுண்ணோக்கியின் கீழ் ஒரு துளியை வைத்துப் பார்க்கும்போதெல்லாம் இவற்றின் வேற்றுமை என்னை வியப்பில் ஆழ்த்துகிறது. பாராமீசியம் செருப்பின் அடி போன்றது. ஸ்டென்டார் ஊதுகுழல் போன்றது. கோலெப்ஸ் சிறு பீப்பாய் போன்றது. வோர்ட்டிசெல்லா காம்பில் நிற்கும் மணி போன்றது.

உருவம் கண்டு பேரினத்தைச் சொல்லிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது. வோர்ட்டிசெல்லா மைக்ரோஸ்டோமா, பிராணவாயு அருகிய சாக்கடை நீரிலும் செழிக்கும்; அகன்ற வாயையுடைய வோர்ட்டிசெல்லா காம்பானுலா, அதனினும் தூய நீரை நாடும். இரண்டும் உடன்பிறந்தார் போன்றவை. ஆயினும் அவற்றின் சாட்சியம் வேறு. பெயரைப் பிழையாகச் சொன்னால், ஏரியைப் பற்றிய தீர்ப்பும் பிழையாகும். ஆதலால்தான் அறிஞர்கள் வெள்ளி உப்பினால் சாயமேற்றி இழை வரிசைகளை ஆராய்ந்தனர்; இன்று மரபணுக்களையும் ஒப்பிட்டு நோக்குகின்றனர். அழுக்கின் அளவை உயிர்களைக் கொண்டு கணிக்கும் முறையை 1908, 1909-ஆம் ஆண்டுகளில் கோல்க்விட்ஸ், மார்சன் என்னும் ஜெர்மானியர் வகுத்தனர்.

நம் நாட்டில் பி. எல். பாட்டியா அவர்கள் இவ்வுயிர்களைத் தொகுத்து எழுதிய நூல் 1936-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவ்வழியைப் பின்பற்றி, நம் கல்லூரி மாணவர்கள் ஏரிதோறும், பருவந்தோறும் பெயர்ப்பட்டியல் எழுதி வைத்தல் வேண்டும். இன்று ஏரியில் இருப்பதை எழுதி வைத்தாலன்றி, நாளை எது போயிற்று என்றும், எது மீண்டது என்றும் யாரால் கூற இயலும்?