அந்த 'அல்லது' யாருக்காக?

(மாணவர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



காட்டைப் பத்தி நாம ஏன் பேசணும், அது ஆதிவாசிகள் பிரச்சினைதானே என்று கூட்டத்துக்கு முன்னால் ஒரு தம்பி கேட்டார். விறகு பொறுக்கப் போய், அரிவாளைக் கார்டிடம் பறிகொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பியவள் என் அம்மா. அதனால் பேசுகிறேன்.

சுரங்கத்துக்கும் அணைக்கும் காட்டை எடுப்பவர்கள் அதற்கு ஒரு விலை கட்ட வேண்டும். நீலகிரியின் கூடலூரிலிருந்து போன கோதவர்மன் வழக்கில், 2002இல் உச்சநீதிமன்றம் அந்தப் பணத்துக்குத் தனி நிதி வைக்கச் சொன்னது. 2016இல் அது ஈடுசெய் காடு வளர்ப்பு நிதிச் சட்டம் ஆனது. நூற்றுக்கு 90 மாநிலங்களுக்கு, 10 மத்திய அரசுக்கு. 2019 ஆகஸ்டில் 27 மாநிலங்களுக்கு 47,436 கோடி ரூபாய் போனது. செலவு செய்கிற கை வனத்துறையின் கை.

மரத்தை எங்கே நடுவார்கள்? ஒடிசாவிலும் ஜார்க்கண்டிலும் ஆதிவாசிகள் உழுத நிலத்திலேயே நட்டார்கள் என்று புகார்கள் எழுந்தன. நம்ம ஆடு மேய்கிற தரிசும் அதிகாரி கண்ணுக்குச் சும்மா கிடக்கிற இடம்தான். வேலி போட்டுத் தேக்கு நட்டால் அவர்கள் கணக்கில் அது காடு. நமக்கு அது பறிபோன நிலம்.

கிராம சபை ஒப்புதல் வேண்டும் என்று 2016 ஜூலையில் மாநிலங்களவையில் ஜெய்ராம் ரமேஷ் திருத்தம் கொண்டுவந்தார். விதிகளில் சேர்த்துக்கொள்கிறோம் என்று அமைச்சர் அனில் மாதவ் தவே வாக்குக் கொடுத்தார். 2018இல் விதிகள் வந்தன. கிராம சபையை 'அல்லது' கிராம வனக் குழுவைக் கலந்தாலோசிக்க வேண்டுமாம். ஒப்புதல் ஆலோசனையாகச் சுருங்கிப் போச்சு. வனத்துறையே கூட்டுகிற குழுவைக் கேட்டாலும் போதும். உள்ளாட்சி ஆதரவு இருக்கிறது என்று சொல்லிக்கொள்ள அந்த ஒரு 'அல்லது' போதும்.

சரி, கிராம சபையையே கேட்டால் நமக்கு விடிஞ்சிடுமா? எங்க ஊர்ல கிராம சபைத் தண்டோரா சேரிக்குள்ள வந்ததே இல்லை. எல்லாம் முடிஞ்ச பிறகு தீர்மான நோட்டு மட்டும் வரும், கைநாட்டு வாங்க. கிராமம் என்றால் யார் என்பதை அம்பேத்கர் நன்றாக அறிந்திருந்தார். 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில், அரசியல் சட்டத்துக்குக் கிராமம் அல்ல, தனிமனிதரே அலகு என்று அவர் நின்றது அதனால்தான். 1996 முதல் பத்து வருடம் தலித் தலைவரை நிலைக்க விடாத பாப்பாபட்டியும் கீரிப்பட்டியும்கூட 'கிராமம்'தான்.

அதுக்காகக் கிராம சபையைக் கைவிட முடியுமா? முடியாது. 2006 வன உரிமைச் சட்டப்படி, ஆதிவாசி அல்லாதவர்கள் காட்டை நம்பி 75 ஆண்டு வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். விறகு சுமந்த பாட்டிக்கு எந்த ஆபீஸ் ரசீது கொடுத்தது? அந்தக் கோரிக்கையை முதலில் விசாரிக்கிற இடம் கிராம சபை. 2013இல் நியமகிரியில் 12 கிராம சபைகளும் வேதாந்தாவின் பாக்சைட் சுரங்கத்துக்கு 'வேண்டாம்' என்றன. மறுக்க முடிந்தால்தான் அது ஒப்புதல்.

ஆகவே நம் கோரிக்கை இரண்டு. ஒன்று, அந்த 'அல்லது' போக வேண்டும். கிராம சபையின் ஒப்புதல் இல்லாமல் ஒரு குழிகூட வெட்டக் கூடாது. இரண்டு, வன உரிமை விதிகளில் 2012இல் கொண்டுவந்த கோரம் இந்த நிதிக்கும் வர வேண்டும். உறுப்பினரில் பாதிப் பேர் இருக்க வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும் என்கிறது அது. அதோடு நாம் ஒன்று சேர்ப்போம்: சேரியில் பாதிப் பேர் இல்லாமல் தீர்மானம் செல்லாது.

அடுத்த கிராம சபைக்குத் தனியாப் போகாதீங்க, தெருவையே கூட்டிக்கிட்டுப் போங்க. நோட்டை வாங்கிச் சத்தமாப் படிங்க. படிச்சு முடிக்கிற வரைக்கும் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம்.

ஜெய்பீம்.