வசை பரவும் வழி

(பல்லாவரத்தில் தனித்தமிழ் அன்பர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

மறைமலையடிகள் 1911இல் குடிபுகுந்து வாழ்ந்து, 1950இல் மறைந்த ஊரில் நின்று பேசுகிறேன். அவர்தம் தமிழைப் போற்ற வேண்டிய இடத்தில் வசையைப் பற்றிப் பேச வந்துள்ளேன். பொறுத்தருள்க. காரணத்தைப் பின்னர்ச் சொல்வேன்.

இராமலிங்க அடிகளின் பாடல்களைத் தொழுவூர் வேலாயுதனார் 1867இல் 'திருவருட்பா' எனப் பெயரிட்டுத் திருமுறைகளாக வகுத்து வெளியிட்டார். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் அப்பெயரை ஏற்கவில்லை. தேவாரம் முதலியவற்றுக்கே உரிய பெருமையை நம் காலத்தார் பாடல்களுக்கு ஏற்றலாமா என்பது அவர் வினா. அதை நாம் ஒப்ப வேண்டுவதில்லை. ஆயினும் அது கருத்து. கருத்தோடு கருத்து மோதியிருந்தால் தமிழ் வளர்ந்திருக்கும். நடந்தது வேறு. 'போலியருட்பா' என்றார் நாவலர். மறுப்பு வந்தது, மறுப்புக்கு மறுப்பு வந்தது. 1869இல் சிக்கல் கடலூர் மஞ்சக்குப்பம் வழக்குமன்றம் ஏறியது.

1874இல் அடிகள் மறைந்தார். 1879இல் நாவலரும் மறைந்தார். பூசல் மறைந்ததா? இல்லை! முதற்சினம் கொண்டோர் இருவரும் போன பின்னரும், கால் நூற்றாண்டு கழித்து அது மீண்டும் கொழுந்துவிட்டது. 'போலி' என்ற சொல் போதாதென்று 'மருட்பா' என்றனர். 'அ' இருந்த இடத்தில் 'ம'. ஓரெழுத்து மாற்றம், அருள் மருளாயிற்று! சுருங்கிய வசையே விரைந்து ஓடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

1903இல் சென்னைச் சிந்தாதிரிப்பேட்டையில் அருட்பாவின் பக்கம் நின்று பேசினார் ஓர் இளம் ஆசிரியர். கிறித்துவக் கல்லூரியில் அவர் தமிழ் கற்பித்து வந்தார். (அக்கல்லூரி 1937இல்தான் நம் தாம்பரத்திற்கு வந்தது.) அவர் வேறு யாருமல்லர், பின்னாளில் மறைமலையடிகளான வேதாசலனாரே. எதிரணியில் நின்றவர் நா. கதிரைவேற்பிள்ளை. இருவரும் பெரும்புலவர்கள். ஆனால் சுற்றி நின்ற கூட்டம்? புலமையைச் சுமக்கக் கல்வி வேண்டும். வசையைச் சுமக்க நாக்குப் போதும்.

1904இல் கதிரைவேற்பிள்ளை மேல் வழக்குத் தொடுத்தனர். அவர்க்காகச் சான்று சொல்லப் போன பள்ளி மாணவர் ஒருவர் இறுதித்தேர்வை இழந்தார். அவர்தம் பள்ளிப்படிப்பு அத்தோடு நின்றது. அவரே திரு.வி.க.! அதே திரு.வி.க. பின்னாளில் இராமலிங்க அடிகளின் உள்ளத்தைப் போற்றித் தனிநூலே எழுதினார். அதற்குள் எத்தனை ஆண்டுகள் உருண்டோடின!

இவ்வெழுத்துப் போரின் நூல்களைத் திரு. ப. சரவணன் நம் காலத்தில் தொகுத்துப் பதிப்பித்துள்ளார். அவற்றுள் நான் கண்டது இது: வசையை மறுப்பவன் அதனை முதலில் எடுத்தெழுதுகிறான். ஆகவே அவ்வசையைக் கேட்டிராத ஊர்க்கும் அவன் கையே அதைக் கொண்டு சேர்க்கிறது. எதிரியை விடத் தான் ஒருபடி கூடுதலாகச் சொன்னால்தான் தன் அணியார் கைதட்டுவர். அந்தக் கைதட்டலுக்காக அடுத்தவன் இன்னும் ஒருபடி ஏறுகிறான். எதிரியின் முகம் கண்முன் இல்லை, அச்சுத்தாளே இருந்தது. இன்று தாள்கூட இல்லை, கைப்பேசித் திரை. அன்று மறுப்பு வரத் திங்கள்கள் ஆயின. சினம் தணிய அவ்விடைவெளி உதவியிருக்கக் கூடும். இன்று நொடியில் வருகிறது.

இனிக் காரணம். சென்ற ஆண்டு நம் வகுப்புக்குக் குரோம்பேட்டையிலிருந்து தொழிற்சாலை இளைஞர் ஒருவர் வந்தார். 'வருசம்' என்று ஒரு சொல் சொன்னார். நம்மில் ஒருவர் 'வடமொழி அடிமை' என்றார். உடனே நால்வர் அதையே திரும்பச் சொன்னோம். ஆம், சொன்னோம், நானும் சிரித்தேன். மறுகிழமை அவர் வரவில்லை. அடிகளும் 'வேதாசலம்' என்ற பெயரோடுதான் தமிழ்ப்பணி தொடங்கினார்! அன்று அவரை யாரேனும் இப்படி எள்ளித் துரத்தியிருந்தால்?

அண்மையில் அவ்விளைஞரைத் தாம்பரம் தொடர்வண்டி நிலையத்தில் கண்டேன். தலை தாழ்த்திக்கொண்டு போனார். வரும் ஞாயிறு அவர் வீட்டுக்கு நானே செல்லவிருக்கிறேன். என்னோடு அன்று சிரித்த நால்வரும் உடன்வர வேண்டும். காலை ஒன்பது மணிக்கு இவ்விடத்திலேயே காத்திருப்பேன்.